கேஷ் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன்

முதலீடு பற்றி நாலு பேர் பேச உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "நீங்க எவ்வளவு கேஷ் வெச்சிருக்கீங்க?" பங்கில் போடாமல், நினைத்த நேரம் எடுக்கிற மாதிரி வைத்திருக்கும் பணத்தைத்தான் கேஷ் என்கிறார்கள், மொத்த முதலீட்டில் அது எத்தனை சதவீதம் என்பது கேள்வி. பதில்களும் தயாராகவே இருக்கும். 5 சதவீதம் என்பார் ஒருவர், 10 என்பார் இன்னொருவர், சந்தை உச்சியில் நிற்கிறது என்று நம்புகிறவர் 40 என்று கூசாமல் சொல்வார். என் நண்பன் ஒருவன் ரொம்ப வருஷமாக 20 சதவீதத்தில் நிற்கிறான். ஏன் 20 என்று கேட்டால், "சந்தை விழுந்தா வாங்கணும்ல, அப்புறம் ஆத்திர அவசரத்துக்கும் கையில இருக்கணும்ல" என்பான். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, அது என்ன என்று பிடிபட எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

பிடிபட்டது 2020 மார்ச்சில். அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி 19 அன்று உச்சத்தைத் தொட்டு, மார்ச் 23க்குள் 34 சதவீதம் விழுந்தது. உலகம் முழுக்க ஏறக்குறைய இதே கதை. நண்பன் பல வருஷமாகக் காத்திருந்த சரிவு இதுதான், கையில் பணமும் இருந்தது. அதே வாரத்தில் அவன் வேலை பார்த்த நிறுவனத்தில் சம்பளக் குறைப்பு அறிவித்தார்கள், அடுத்து ஆட்குறைப்பு என்று பேச்சும் கிளம்பியது. "இப்ப வாங்கலாமாடா, இல்ல வீட்டுச் செலவுக்கு வெச்சுக்கலாமாடா?" என்று போனில் கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடமும் பதில் இல்லை. கடைசியில் அவன் வாங்கவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன், வீட்டுச் செலவுக்கான பணத்தை அந்த வாரத்தில் யாரும் பங்கில் போடக் கூடாது. ஆனால் அப்படிப் பார்த்தால் அந்த 20 சதவீதத்தில் சரிவில் வாங்குவதற்கான பணம் என்று ஒன்று இருக்கவே இல்லை. மொத்தமும் வீட்டுச் செலவுப் பணம்தான். ஒரே நோட்டுக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தான், இரண்டு வேலையும் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றன.

இது தற்செயலும் இல்லை. சந்தை பெரிதாக விழுகிற காலமும், வேலை போகிற காலமும், தொழிலில் வரவேண்டிய பாக்கி வராத காலமும், சொந்தக்காரர்கள் கடன் கேட்கிற காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். 2008 நிதி நெருக்கடியிலும் அப்படித்தான். ஆக "வாங்கவும் ஆச்சு, அவசரத்துக்கும் ஆச்சு" என்று ஒதுக்கிய பணம், அது தேவைப்படுகிற நாளில் பாதி அளவுக்குக்கூட வேலை செய்யாது. அன்றிலிருந்து யாராவது கேஷ் சதவீதம் கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த வேலைக்கு வைத்திருக்கிற கேஷ் என்பதைத்தான்.

காத்திருப்பதற்கு ஆகும் செலவு

சரிவில் வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோருக்கும் அதன்மேல்தான் ஆசை. ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 100 இருக்கிறது, 80 பங்கில், 20 கேஷில். சந்தை 34 சதவீதம் விழுகிறது. 80 என்பது 52.8 ஆகிறது. அடிமட்டத்தில், சரியாக அந்த ஒரு நாளில், 20ஐயும் அப்படியே உள்ளே போடுகிறோம், 72.8. சந்தை பழைய உச்சத்துக்குத் திரும்பும்போது நம்மிடம் 110 இருக்கும். ஆரம்பத்திலிருந்தே முழுவதையும் பங்கில் போட்டு, சரிவில் எதுவும் செய்யாமல் இருந்தவரிடம் 100. கடவுளே இறங்கி வந்து அடிமட்டத் தேதியைச் சொன்னாலும் லாபம் 10 சதவீதம்தான். 20 சதவீதம் விழுந்தபோது வாங்கியிருந்தால் அதில் பாதி, 105.

இந்தப் பத்துக்காக என்ன கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பங்கு நீண்ட காலத்தில் ஆண்டுக்கு 10 சதவீதமும் கேஷ் 4 சதவீதமும் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்காகத்தான். 20 சதவீதம் கேஷ் வைத்திருப்பதால் ஆண்டுக்கு 1.2 சதவீதம் குறைகிறது. அடிமட்டத்தில் வாங்கிக் கிடைக்கிற 10 சதவீதத்தை எட்டு வருஷக் காத்திருப்பே தின்றுவிடும். 20 சதவீத சரிவில் வாங்குகிறவருக்கு நாலு வருஷம் போதும். நாலு வருஷத்துக்குள் சரிவு வரவில்லை என்றால் அவர் ஏற்கெனவே நஷ்டத்தில் இருக்கிறார், ஆனால் அந்த நஷ்டம் எந்த ஸ்டேட்மென்ட்டிலும் சிவப்பில் வராது. அதே 1.2 சதவீதம் 25 வருஷம் ஓடினால், 100 போட்ட இடத்தில் 1083 ஆக வேண்டியது 824ல் நிற்கும். கிட்டத்தட்ட கால் பங்கு காணோம்.

காகிதக் கணக்கு வேண்டாம், நடந்ததைச் சொல் என்றால் அது இன்னும் மோசம். 2009 மார்ச்சில் எஸ் அண்ட் பி 500 அடிமட்டமாக 676ல் முடிந்தது. அங்கிருந்து 2020 பிப்ரவரி வரை பதினோரு வருஷம். "உச்சத்திலிருந்து 20 சதவீதம் விழட்டும், வாங்குகிறேன்" என்று விதி எழுதி வைத்துக்கொண்டு ஒழுக்கமாகக் காத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2011ல் குறியீடு முடிவு விலைக் கணக்கில் 19.4 சதவீதம் விழுந்துவிட்டுத் திரும்பியது. 2018 டிசம்பரில் 19.8 சதவீதம். இரண்டு முறையும் மயிரிழையில் விதி அவரை வாங்க விடவில்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதி அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டியே இருந்ததால் கேஷும் ஒன்றும் சம்பாதிக்கவில்லை.

இதைவிட என்னை அதிகம் உலுக்கிய எண் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் கடைசி நாளில் குறியீடு 2238ல் முடிந்தது. 2020 மார்ச் 23, உலகமே முடங்கிக் கிடந்த அந்த அடிமட்ட நாளில், 2237. அதாவது 2016 முடிவில் "விலை ஜாஸ்தி, விழட்டும்" என்று ஒதுங்கிய ஒருவர், மூன்று வருஷத்துக்கும் மேல் காத்திருந்து, ஒரு தலைமுறையின் மிக வேகமான சரிவில், மிகச் சரியான நாளில் துணிந்து வாங்கியிருந்தாலும், வேண்டாம் என்று ஒதுக்கிய அதே விலைக்குத்தான் வாங்கியிருப்பார். இடையில் விட்ட டிவிடெண்டுக்கு, அதாவது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபத்துக்கு, கேஷின் வட்டி ஈடு என்று வைத்துக்கொண்டாலும், அத்தனை சிரமத்துக்கும் கிடைத்தது சுழி. 2013 முடிவில் 1848ல் ஒதுங்கியவர் பாடு இன்னும் பரிதாபம். அவருக்குச் சரிவின் அடிமட்டமே அவர் ஒதுக்கிய விலையைவிட 21 சதவீதம் மேலே இருந்தது.

உறுமீனுக்காகக் காத்திருக்கும் கொக்கைத்தான் இதற்கு எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். கொக்காவது மீன் வந்ததும் கொத்திவிடும். மனிதர்கள் அப்படி இல்லை. விலை ஏறுகிறபோது கேஷ் சேர்த்து வைக்கிற எச்சரிக்கை சுபாவம்தான், விலை விழுந்ததும் "இன்னும் விழும், பொறு" என்று கையைப் பிடிக்கும். சரிவுக்காகப் பணம் வைத்திருக்கத் தேவையான மனசும் சரிவில் அதைச் செலவழிக்கத் தேவையான மனசும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். வீம்புக்குச் சொல்லவில்லை, இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கேஷ் இல்லாதபோதும் எதையாவது விற்றுவிட்டு வாங்குகிற ரகம்.

பஃபெட் வைத்திருக்கிறாரே

இந்த இடத்தில் யாராவது அமெரிக்காவின் புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைக் கொண்டுவராமல் இருக்க மாட்டார்கள். 2024 முடிவில், அவர் நடத்திவந்த பெர்க்‌ஷயர் ஹாத்வேயிடம் சுமார் 334 பில்லியன் டாலர் கேஷும் அமெரிக்க அரசின் குறுகிய காலக் கருவூலப் பத்திரங்களும் இருந்தன. அவரே இவ்வளவு வைத்திருக்கிறார், நாம் எம்மாத்திரம் என்று வாதம். நானும் அவருடைய ரசிகன்தான், ஆனால் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நிறுவனத்தின் முக்கியத் தொழில் காப்பீடு. ஒரு பெரும் புயலோ நிலநடுக்கமோ வந்தால் மறுநாள் கோருபவர்களுக்குப் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும். 30 பில்லியனுக்குக் கீழே எப்போதும் போக மாட்டோம் என்று பங்குதாரர்களுக்கு அவர் உறுதி கொடுத்திருக்கிறார். கவனியுங்கள், அந்த உறுதி சதவீதத்தில் இல்லை, தொகையில் இருக்கிறது. மீதிப் பணத்துக்கு அவருக்குக் கிடைத்த வாய்ப்பும் நமக்கு வராது. 2008 செப்டம்பரில் கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி அவரிடம் வந்து, 5 பில்லியன் டாலருக்கு ஆண்டுக்கு 10 சதவீத டிவிடெண்டோடு முன்னுரிமைப் பங்குகளும் (சாதாரணப் பங்குகளுக்கு முன்பே டிவிடெண்ட் கிடைக்கும் ரகம்), மேற்கொண்டு பிற்பாடு குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையும் கொடுத்தது. என்னிடமோ உங்களிடமோ எந்த வங்கியும் இப்படி வந்து நிற்காது. நமக்குக் கிடைப்பது சந்தை விலை மட்டும்தான்.

இன்னொன்று. 2008 அக்டோபரில் அதே பஃபெட் அமெரிக்கப் பங்குகளை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார், நீண்ட காலத்துக்குக் கேஷ் மோசமான சொத்து என்றும் அதிலேயே சொன்னார். அதற்குப் பிறகும் சந்தை அடுத்த மார்ச்சுக்குள் கால் பங்குக்கு மேல் விழுந்தது. அவருக்கே அடிமட்டம் தெரியவில்லை, அது தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அந்தப் பணம் இல்லாமல் அவருடைய எந்தச் செலவும் நிற்காது என்பதால் அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. என் நண்பனால் முடியாமல் போனது அது.

தேதி போட்ட பணம்

அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு தன் முதலீட்டுக் கணக்கை ஒரு பழைய நோட்டில் எழுதிக் காட்டினார். நான் வழக்கம்போல், "கேஷ் எத்தனை சதவீதம்க்கா வருது?" என்று கேட்டேன். "சதவீதமெல்லாம் நான் போட்டதில்லப்பா. நாலு வருஷம் ஒரு பங்கையும் விக்காம வீட்ட ஓட்டலாம், அவ்வளவுதான் தெரியும்" என்றார். போட்டுப் பார்த்தால் அதுவும் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது. நண்பனின் அதே எண். ஆனால் அவர் நோட்டில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே எந்த வருஷத்தில், எதற்கு என்று எழுதியிருந்தது. அதில் எதற்கும் இரண்டு வேலை இல்லை.

நாலு வருஷம் அதிகம் என்பது என் கட்சி, அதைப் பிறகு சொல்கிறேன். முறையில் தப்பில்லை. செலவை மாதத்தில் எண்ணினால் சதவீதம் தானாக வந்து விழுகிறது, அது ஆளுக்கு ஆள் மாறியும் வருகிறது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆனவருக்கு ஆறு மாதச் செலவு என்பது மொத்தச் சேமிப்பில் பாதிக்கு மேல் இருக்கும். "50 சதவீதம் கேஷா, வீணாகிறதே" என்று அவர் பதறத் தேவையில்லை, அவருடைய சேமிப்பு சின்னது, அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்து அதே ஆறு மாதம் 3 சதவீதமாக இருக்கலாம். சதவீதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. சொத்து ஐந்து மடங்கு பெருகினால் கேஷும் ஐந்து மடங்கு பெருகும், வீட்டுச் செலவோ அந்த அளவுக்குப் பெருகியிருக்காது. கூடுதலாகச் சேர்ந்த கேஷ் எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அது ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்பதுமில்லை, விதி 20 என்று சொல்கிறதே.

தேதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மார்ச்சில் ஒரு வங்கியே பாடமானது. அமெரிக்காவின் சிலிக்கன் வேலி பேங்க் தன் வாடிக்கையாளர்களின் டெபாசிட்டைச் சூதாட்டத்தில் போடவில்லை. பெரும்பகுதியை அரசுப் பத்திரங்களிலும் அரசு ஆதரவுள்ள அடமானப் பத்திரங்களிலும் போட்டிருந்தது, முதிர்வு வரை வைத்திருந்தால் முழுப் பணமும் வரும். ஆனால் அவை நீண்ட காலப் பத்திரங்கள், டெபாசிட்டோ கேட்ட அன்றே கொடுக்க வேண்டிய பணம். வட்டி ஏறினால் பழைய, குறைந்த வட்டிப் பத்திரங்களுக்கு மதிப்பு குறையும், அப்படி அவற்றின் விலை விழுந்திருந்தது. 21 பில்லியன் டாலர் பத்திரங்களை 1.8 பில்லியன் நஷ்டத்தில் விற்றோம் என்று அறிவித்த மறுநாளே 42 பில்லியனை வாடிக்கையாளர்கள் எடுத்தார்கள், அதற்கு அடுத்த நாள் வங்கி மூடப்பட்டது. கட்டாயத்தில் விற்கிறவனுக்கு அவன் வைத்திருக்கிற சொத்தின் தரம் உதவாது.

கேஷ் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் இதே சிக்கல் உண்டு. 2008 செப்டம்பரில் ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற அமெரிக்க மணி மார்க்கெட் ஃபண்ட் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும், கேஷ் மாதிரியே கருதப்படும் ஃபண்ட்), கையில் வைத்திருந்த, அதே மாதம் திவாலான லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கியின் பத்திரங்கள் மதிப்பிழந்ததால், 1 டாலர் யூனிட்டை 97 சென்ட் என்று அறிவித்தது. 3 சென்ட் நஷ்டம் பெரிய விஷயம் இல்லை. பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத்தான் அது பெரிய விஷயம். 2020 ஏப்ரலில் இந்தியாவில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்ட் நிறுவனம், கடன் பத்திரங்களில் போடும் தன் ஆறு ஃபண்டுகளை மூடியபோதும் முதலீட்டாளர்கள் பட்ட பாடு இதே ரகம்தான். அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக இந்தப் பணத்தை எங்கேயும் நகர்த்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். கடன் பத்திரங்களையும் கேஷ் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்கள் 2022ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பங்குகள் சுமார் 18 சதவீதம் இறங்கிய அதே ஆண்டில் அங்கே பத்திரச் சந்தையும் சுமார் 13 சதவீதம் இறங்கியது.

பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு

செலவுப் பணம் போக ஒரு மிச்சம் எல்லோரிடமும் இருக்கும். அதைச் சரிவுக்காக என்று சொல்வதைவிட பயத்துக்காக என்று சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. இதில் கேலி எதுவும் இல்லை. 10 சதவீதம் கேஷ் கண்ணில் படுவதால் மீதி 90ஐ ஒருவர் பதறி விற்காமல் இருக்கிறார் என்றால், மேலே போட்ட கணக்கெல்லாம் அவரைப் பொறுத்தவரை அடிபட்டுப் போகும். விற்றுவிட்டு ஓடுவதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 0.6 சதவீதம் ஒன்றுமே இல்லை. என் ஒரே நிபந்தனை, அந்தப் பங்கு செய்தியைப் பார்த்து ஏறி இறங்கக் கூடாது. நிலையாக 10 என்றால் அது ஒதுக்கீடு. போர், தேர்தல், வட்டி என்று தலைப்புச் செய்திக்குத் தகுந்தபடி 5, 25, 40 என்று போனால் அது சந்தையின் நேரம் பார்க்கிற வேலை, பெயர்தான் ஜாக்கிரதை. 2023ல் அமெரிக்க வட்டி 5.25 சதவீதத்தைத் தாண்டியபோது "கேஷுக்கே 5 வருது, பங்கு எதுக்கு?" என்று நிறையப் பேர் ஒதுங்கினார்கள். அந்த ஆண்டு எஸ் அண்ட் பி 500 டிவிடெண்டோடு சேர்த்து 26 சதவீதம் கொடுத்தது. அடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட அதே அளவு. இதெல்லாம் முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்பதால்தான் நிலையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அக்காவின் நாலு வருஷத்துக்கு வருகிறேன். 2007 அக்டோபர் உச்சத்தை எஸ் அண்ட் பி 500 மறுபடி எட்டியது 2013 மார்ச்சில், ஐந்தரை வருஷம் கழித்து. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பர் உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆயிற்று. ஆக, உச்சத்துக்குத் திரும்பும் வரை தாக்குப்பிடிக்கக் கேஷ் வேண்டும் என்று போனால் அதற்கு முடிவே இல்லை, நாலும் போதாது, பத்தும் போதாது. உச்சத்துக்குத் திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை, அடிமட்டத்தில் விற்காமல் தப்பித்தால் போதும். அதனால் சம்பளம் இல்லாமல் சேமிப்பிலிருந்து வாழ்கிறவருக்கு இரண்டு வருஷம் கேஷ், அதற்குப் பிந்தைய மூன்று வருஷத்துக்குக் குறுகிய காலப் பத்திரங்கள் என்பது என் எண்ணம். சம்பளம் வருகிறவருக்கு, வேலை போனால் அடுத்த வேலை கிடைக்க அவர் துறையில் எவ்வளவு நாள் ஆகுமோ அவ்வளவு, அதோடு இரண்டு வருஷத்துக்குள் தேதி குறித்த பெரிய செலவு ஏதாவது இருந்தால் அது முழுசும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ விக்க வேண்டிய நிலைமை வந்ததில்லப்பா, அதான் ரெண்டுங்கிற" என்றார். இருக்கலாம்.

எனக்குள் இன்னும் முடியாத விவாதம், தீர்ந்த கேஷை எப்போது நிரப்புவது என்பது. சந்தை நன்றாக இருக்கிற வருஷம் பங்கை விற்று நிரப்பு என்பார்கள், ஆனால் எது நல்ல வருஷம் என்று தீர்மானிக்கப் போனால் நேரம் பார்க்கிற வேலை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்த மாதத்தில், சந்தை எங்கே இருந்தாலும் நிரப்பிவிடு என்றால் விழுந்த வருஷத்திலும் விற்க வேண்டும், பிறகு கேஷ் எதற்கு? நான் இப்போதைக்கு வைத்திருக்கிற ஏற்பாடு: ஆண்டுக்கு ஒரே முறை பார்ப்பது, போன வருஷ விலையைவிடப் பங்கு மேலே இருந்தால் நிரப்புவது, கீழே இருந்தால் அந்த வருஷம் நிரப்பாமல் பத்திரத்திலிருந்து எடுப்பது. இரண்டு வருஷம் தொடர்ந்து கீழே இருந்தால் செலவைக் குறைப்பது. எந்தெந்தச் செலவை என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறேன், அந்தப் பட்டியலில் முதல் மூன்றை வீட்டில் ஒப்புக்கொண்டார்கள், நாலாவதில் இன்னும் இழுபறி.